மேற்படி நபர்

ஒன்பது வருஷமாகத் தாளில் என் பெயர்
மேற்படி நபர்.
மேற்படி நபரின் விபத்துப் பணம்,
மேற்படி நபரின் ஒன்றரை ஏக்கர் தேயிலை,
மேற்படி நபருக்காகக் கையொப்பம்:
கா. யோகராசா, அண்ணன், காப்பாளர்.

கட்டபெட்டு வளைவில் பஸ் பள்ளத்தில் இறங்கிய அன்று
என் தலைக்குள் சாமான்களை
யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.
சாவியை அரிசிப்பானையில் தேடுவதுபோல்
ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தேன்.
முதலில் அகப்பட்டது உப்பு.
செவ்வாய்க்கிழமை கிடைக்க
இரண்டு குளிர்காலம் ஆனது.

ஊட்டி கோர்ட்டில் இன்று
டவாலி மூன்று முறை கூப்பிட்டார்.
மனோன்மணி, மனோன்மணி, மனோன்மணி.
மூன்றாவதில்தான் எழுந்தேன்.
காது கேளாமல் அல்ல.
கேட்க நன்றாயிருந்தது.

கறுப்பு அங்கிக்குள் ஸ்வெட்டர் போட்ட நீதிபதியம்மா
கேரட் கிலோ முப்பத்தைந்து, இரண்டு கிலோ,
நூறு ரூபாய் தருகிறீர்கள், மீதி எவ்வளவு என்றார்.
எந்தக் கடையில் அம்மா?
மார்க்கெட் என்றால் முப்பது.
எங்கள் லைனுக்கு வரும் வண்டிக்காரர் என்றால்
இருபதுதான் வாங்குவேன்,
பத்துக்குக் கொத்தமல்லி.
தட்டச்சர் கை நின்றது.
அதையும் எழுதுங்கள் என்றார்.

அண்ணன் நாற்பது பக்கக் கணக்கு நோட்டை நீட்டினான்.
பச்சை இலை விலை பன்னிரண்டுக்கு விழுந்த மாசமும்
என் மாத்திரைக்குக் குறை வைக்காதவன்.
ஒரு பைசா எடுக்காதவன்.
எடுத்திருந்தால்
நாலு வருஷம் முன்னாலேயே மனு போட்டிருப்பேன்.

ஆட்சேபணை உண்டா?
இல்லை என்றான்.
பிறகு, மெதுவாக:
சில நாள் அடுப்பை அணைக்க மறந்துவிடுவாள் அம்மா.
உண்மைதான் என்றேன்.
அவனும் மறப்பான் என்றேன்.

உத்தரவு இரண்டே வரி.
வெளியே மஞ்சு இறங்கி
படியில் நாலுதான் தெரிந்தது.
வழக்கம்போல் என் முழங்கையைப் பிடித்தான்,
நினைவு வந்து விட்டான்,
மூட்டுவலி, மறுபடி பிடித்துக்கொண்டான்.

பஸ்ஸில் நான்தான் கேட்டேன்,
கோத்தகிரி இரண்டு.
சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கோ என்று
டிக்கெட் முதுகில் எழுதிக் கொடுத்தார் கண்டக்டர்.
மடித்து ரவிக்கைக்குள் வைத்தேன், எடுத்துப் பார்க்கவில்லை.
கட்டபெட்டு வளைவு தாண்டியும்
தலைக்குள் வைத்த இடத்திலேயே இருந்தது
நாற்பத்திரண்டு ரூபாய்.