பொறிக்காவல்

மலையிலிருந்து கோப்பர் துறைமுகத்துக்கு
ஒரே தண்டவாளம்.
இறங்கும் ஒவ்வொரு சரக்கு வண்டிக்குப் பின்னாலும்
பத்து நிமிடம் விட்டு நாங்களும் இறங்குவோம்:
நான், டாவோரின்,
இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர்.

பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்வும்போது
உதிரும் பொறிகள் பெரும்பாலும் சரளையில் விழுந்து சாகும்.
ஏதோ ஒன்று புல்லைத் தேடிப் போகும்.
அந்த ஒன்றுக்காகத்தான் எங்களுக்குச் சம்பளம்.

சேர்ந்த புதிதில்
இரண்டு வண்டிகளுக்கு நடுவே
உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்தது.
ஹ்ராஸ்டோவ்லே நிலையத்தில் ஒரு அத்திமரம்;
தொப்பியில் பறித்துக்கொள்வோம்.

பிறகு கப்பல்கள் நீண்டன.
பெட்டிமேல் பெட்டி, அதன்மேல் பெட்டி,
கடலையே காணோம்.
"வியன்னாவுக்குக் கடல் இல்லை, புடாபெஸ்டுக்கும் இல்லை,
நம் கரைதான் அவர்களுக்கும் கரை"
என்று மேலாளர் கேக் வெட்டினார்.
அந்த ஆண்டு ஏற்றி இறக்கிய பெட்டிகளின் எண்ணிக்கை
மேலே க்ரீமில் எழுதியிருந்தது.
கடைசிப் பூஜ்யம் என் தட்டுக்கு வந்தது.

அதே ஆகஸ்டில்
ஈரடுக்குக் கார்வண்டி ஒன்று,
வெள்ளை உறை போர்த்திய கார்களோடு இறங்கியது.
பதினேழாம் பெட்டியின் பிரேக் பிடித்த பிடியை விடவில்லை.
நாங்கள் வளைவு திரும்பியபோது
சரிவு முழுக்கப் பற்றியிருந்தது.
பைன் காய்கள் வெடித்து வெடித்து
பக்கத்து மரத்துக்குச் செய்தி சொல்லின.
வயர்லெஸ்ஸில் நெவென்கா ஒரே சொல் சொன்னாள்:
நிறுத்தம்.

திவாச்சாவில் ஆறு வண்டிகள் நின்றன.
கீழே கிரேன்கள்
தூக்கிய பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல்.
வெளிக்கடலில் மூன்று கப்பல்கள் விளக்கேற்றின.
கிராட்ஸிலிருந்து ஒருவர் நான்கு முறை அழைத்தார்,
என் சலவை இயந்திரங்கள் எங்கே என்று.
பதினோரு மணிநேரம்.
பல்லெல்லாம் கரியோடு டாவோரின் சொன்னான்:
"பார்த்தாயா, நம் புல்லுக்கு இருக்கிற மரியாதையை!"

இப்போது மலையைக் குடைந்து இன்னொரு தடம் வருகிறது.
சரிவு குறைவு. பிரேக் குறைவு.
பணி முடியும் முன்பே எங்களை அழைத்துப்போய்க் காட்டினார்கள்.
பொறியாளர் ஓர்னெல்லா ஓரிடத்தில் நின்று
விளக்கைக் கீழே திருப்பினாள்.
தோண்டும்போது அகப்பட்ட குகை,
அதன் அடியில் பெயரில்லாத ஒரு குளம்,
வெளிச்சம் பட்டதும் கூசியது போல அசைந்தது.
"இங்கே எது எரியும்?" என்றான் டாவோரின்.
"எதுவுமே எரியாது."
"நல்லது" என்றான்.
திரும்பும் வழியெல்லாம்
வேறொன்றும் பேசவில்லை.

அது திறக்கும் வரை வேலை இருக்கிறது.
வண்டிகள் கூடிக்கொண்டே போகின்றன,
சாப்பாடு கையில்தான்.

கருகிய அத்தி அடியில் துளிர்த்திருக்கிறது.
தண்ணீர் தீக்கு மட்டும் என்பது விதி.
வாரம் இரண்டு முறை
குழாயை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்க்கிறோம்.
பதிவேட்டில் நான் எழுதுவேன்:
ஹ்ராஸ்டோவ்லே, பொறி ஒன்று,
நாற்பது லிட்டர், அணைக்கப்பட்டது.

அந்த இடத்தில் மட்டும்
பொறிகள் ஏன் இப்படிக் கூடுகின்றன என்று
மேலதிகாரி கவலையோடு கேட்டிருக்கிறார்.
சரக்கு கூடுகிறதே ஐயா, என்று
பதில் எழுதியிருக்கிறோம்.