இரண்டு கோழி, பாக்கி

டாக்டர் ஆல்வா திரெல்கெல்டின் கணக்கேடு
நெப்ராஸ்காவில் ஒரு கோர்ட்டின் நிலவறையில் கிடக்கிறது.
வண்டிக்குதிரை நடந்த மைல்கள், க்வினைன், தையல்,
கதிரடிக்கும் மெஷினில் போன விரல்கள்.

1896 பிப்ரவரி. பனிப்புயல்.
செட்லாச்செக் வீடு. ஆண். ஏழரை பவுண்டு.
கால்தான் முதலில் வந்தது.
கூலி: இரண்டு கோழி, பாக்கி.

வெளியே புல்தரையில் கருங்கல்.
பிரான்சில் விழுந்த பதினொரு பேர்.
ஒன்பது பேரை இந்த ஏட்டில் கண்டுபிடித்துவிட்டேன்,
முதல் அழுகையின் மணி நிமிடத்தோடு.
கல்லில் யாருக்கும் எடை போடவில்லை.

லுட்விக் செட்லாச்செக்கின் வரிமேல்
வேறு மையில் ஒரு கோடு,
அக்டோபர் 1918.
கோழிகளைத் தள்ளுபடி செய்திருக்கிறார்.

கடைசிப் பக்கம் முழுக்க விஷக்காய்ச்சல்,
வீடு வீடாக.
பாதிக்குக் கீழே
வெறும் தாள்.