நடுநிலை

எனக்கு வேண்டியது ஒரே ஒரு கிட்டார்.
வெள்ளி இரவு ஹிதாயத்தின் மலாய் ராக்,
சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாண வரவேற்பு,
ஞாயிறு காலை தேவாலயத்தில் பெனடிக்டா கேட்கிற
"கொஞ்சம் கண்ணாடி மாதிரி" ஒலி.
மூன்று கிட்டார் வாங்கலாம்தான்.
ஈசூனின் மூவறை வீட்டில்
ஆணியடிக்க மிச்சச் சுவர் இல்லை.

பழைய பிக்கப் ஒற்றைச் சுருள்.
எங்கள் தலைக்கு மேலேதான் மின்தூக்கியின் மோட்டார் அறை.
கீழே யாராவது பொத்தானை அமுக்கினால்
என் ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று ஆமோதிக்கும்.
அந்த மோட்டாரை மாதந்தோறும் பழுதுபார்ப்பவனும் நானே.
யாரிடம் போய்ப் புகார் சொல்ல.

ஹம்பக்கரில் இரண்டு சுருள்,
எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்க் காந்தமுனை.
வெளி முனகல் இரண்டிலும் நுழைந்து
தன்னையே அடித்துக்கொண்டு சாகும்.
கம்பி சொன்னது மட்டும் பிழைத்து வரும்.

பெனின்சுலா கட்டடத்தில் ஒரு சின்னக் கடை.
"எவ்வளவு சூடு வேணும்?" என்றாள் மெய் சுவான்,
மீ கோரெங்குக்கு மிளகாய் கேட்பவள்போல.
பதினாறு கிலோ ஓம் ஒன்றை மாட்டித் தந்தாள்.
தொட்டதற்கெல்லாம் கத்தியது.
வால்யூமைக் குறைத்தால்
போர்வைக்குள்ளிருந்து பேசியது.

அடுத்தது பழைய பாணி. ஏழரை கிலோ ஓம்.
ஏழரை என்றதும் எனக்குள் ஒரு சனி செருமினான்.
ஆனால் மெல்ல மீட்டினால் மெல்ல,
ஓங்கி அடித்தால் ஓரத்தில் ஒரு கரகரப்பு.
என் விரலைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்கவில்லை அது.

பிறகு காந்தங்கள்.
அல்நிக்கோ இரண்டில் தடித்த கம்பி குழைந்தது,
அல்நிக்கோ ஐந்தில் விறைத்து நின்றது.
மெழுகில் முக்காதவை அழகாகப் பாடின,
சத்தம் ஏறியதும் விசிலடித்தன.
"கல்யாணத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பாயா?"
"அங்கேதான் இடம் தருவார்கள்."
"அப்படியென்றால் மெழுகு."

ஜோடியாக வாங்க நானூற்று எண்பது வெள்ளி.
கழுத்துக்கு ஒரு கம்பெனியின் இரண்டு,
பாலத்துக்கு வேறு கம்பெனியின் ஐந்து,
இரண்டும் பழையவை, இருநூற்றுப் பத்து.
விட்டுக்கொடுக்கும் முகத்தோடு தந்தாள்.
நானும் ஏமாற்றிய முகத்தோடு வாங்கினேன்.

சமையலறை மேசையில் சால்டர் புகைந்தது.
"ரசத்தில் ஈயம் விழப்போகுது"
என்று பானையை நகர்த்தினாள் சசிரேகா.
ஒரு மணிக்குச் சொருகினேன்.
கழுத்து, வெல்லப்பாகு.
பாலம், தெளிவு.
ஸ்விட்சை நடுவில் வைத்தேன்,
ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பாடினான்.

எந்தக் கணக்கு இரைச்சலைக் கொன்றதோ
அதே கணக்கு அடித்தந்தியையும் கொன்றுகொண்டிருந்தது.
இரண்டு கம்பெனிக் காந்தங்களும்
ஒன்றுக்கொன்று முதுகு காட்டி உட்கார்ந்திருந்தன.
பின்னல் உறை போட்ட பழைய ஒயர், மாற்றி இணைக்க வழியில்லை.
மூடியைப் பிரித்து ஒரு காந்தத்தைத் திருப்ப வேண்டும்.
அடுத்த வாரம் என்று படுத்தேன்.

சனிக்கிழமை, மண்டபத்தில்
பொண்ணு மாப்பிள்ளை மேடையேறும் நேரம்
என் மணிக்கட்டு ஸ்விட்சில் தட்டி நடுவில் நின்றது.
கீபோர்டும் பேஸும் டிரம்ஸும்
அடைத்து வைத்திருந்த ஒலிச்சுவரில்
ஒரு விரற்கடை இடுக்கு இருந்திருக்கிறது.
அந்த மூக்கொலி அதில் நுழைந்து போனது,
ஐஸ்கிரீம் வரிசையிலிருந்த பையன் திரும்பிப் பார்க்கும்வரை.
குச்சியைத் தூக்கியபடி ஹிதாயத் கேட்டான்:
"இது எப்போ வாங்கினே?"

காந்தம் இன்னும் திருப்பப்படவில்லை.

வீடு இப்போது சுத்த அமைதி.
முன்பெல்லாம் இரவு ஷிப்ட் முடிந்து சசிரேகா வருவதை
அந்த 'ம்ம்ம்' தான் முதலில் சொல்லும்,
தோசைக்கல்லை ஏற்றிவிடுவேன்.
இன்று சாவி திரும்பும் சத்தம் கேட்டுத்தான்
எழுந்து ஓடுகிறேன்,
கிட்டார் கழுத்தில் தொங்க.