இரண்டாவது குப்பி

வேதாளை விலக்குக்குப் பக்கம்
ஐஸ் கம்பெனி மாடியில் எங்கள் ஆய்வகம்.
கீழே கட்டி உடைக்கிற சத்தத்தில்
தட்டிலுள்ள செல்கள் நடுங்குமோ என்று
முதல் வாரம் பயந்தேன். நடுங்கவில்லை.
ஏதோ ஒரு எலியின் தோலில் தொடங்கி
எலி செத்த பிறகும் சாகாமல்
தட்டுக்குத் தட்டு பெருகி வந்த கறுப்பு அது.

செவ்வாய்க்கிழமை நம்புசெல்வி
ஈரச் சாக்கில் கட்டக்கோரை கொண்டுவருவாள்.
அலசி, உலர்த்தி, பொடித்து,
கரைப்பானில் ஊறவைத்து வடித்தால்
பச்சையெல்லாம் போய்க் கடைசியில்
நகக்கண் அளவு கொழுப்பு.
ஒரு சாக்குக் கடலுக்கு அவ்வளவுதான்.

அதையும் பிரித்தேன். இரண்டு குப்பி.

முதலாவது லினோலெயிக். குளிரிலும் ஒழுகும்.
அதைக் குடித்த செல்களை
மூன்றாம் நாள் சுழற்றித் திரட்டினேன்.
கரித்துண்டாய் இருந்தவை
கழனித்தண்ணி வண்டலாய் வெளுத்திருந்தன.
நிறம் செய்யும் நொதியை
அந்தக் கொழுப்பு பிறக்கவிடாமல் தடுப்பதில்லை.
பிறந்ததைச் சீக்கிரம் உடைக்கச் சொல்கிறது.

இரண்டாவது பால்மிட்டிக்.
ஏசி அறையில் மெழுகாய் உறையும்.
அது விழுந்த தட்டில் கறுப்பு ஏறியது,
ஏறி ஏறி
அடியில் நான் எழுதிய எண்ணையே மறைத்தது.

கோயம்புத்தூரிலிருந்து போன்:
"முதல் குப்பி மட்டும் அனுப்புங்க.
இன்னொண்ணு எதுக்கு?"

எதுக்கு.
தோலுக்குள் அந்தக் கறுப்பு மணிகள்
கைமாறிக் கைமாறி
அடுத்த செல்லுக்குப் போய்ச் சேரும்.
போனதும் உட்கருவின் உச்சியில்,
வெயில் வரும் பக்கம் பார்த்து,
முக்காடு போல் கவிந்துகொள்ளும்.
படித்ததுதான். பரீட்சைக்கு எழுதி
ஐந்து மார்க் வாங்கியதுதான்.

நம்புசெல்வி நெற்றிக்கு ஏற்றியிருந்த
கடல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
கண்ணைச் சுற்றி வெளிறிய இரண்டு வட்டம்,
மிச்ச முகமெல்லாம் முசல் தீவு வெயில்.
விரல் துணியைப் பிரித்தபடியே கேட்டாள்:
"இதை வச்சு என்னதான் செய்றீங்க?"
சொன்னேன். வெளுக்கிற களிம்பு.
சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.
"அப்ப சாக்குக்கு எவ்வளவு ஏத்துவாங்க?"

எனக்குத் தெரியாது என்றேன்.
தெரியும். ஏற்றமாட்டார்கள்.

"அது?"
இரண்டாவது குப்பியைக் காட்டினாள்.
இது கறுப்பாக்கும்.
ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள்,
வட்டங்களை ஒருமுறை தொட்டாள்.
"இங்க மட்டும் பூசினா சமமாயிருமா?
என் வீட்டுக்காரரு ஆந்தைங்கிறாரு."

மனுசத் தோலில் இன்னும் பார்க்கலக்கா.
"பாத்துட்டுச் சொல்லு" என்று
காலிச் சாக்கை உதறி மடித்துப் போனாள்.
அறையெல்லாம் உப்பும் மணலும்.

பதிவேட்டில் 'கழிவு' என்ற கட்டத்தில்
தேதியை மட்டும் எழுதினேன்.
குப்பி ஃப்ரீஸரில் இருக்கிறது,
மேலே ஒட்டிய சீட்டில்: நம்பு, செவ்வாய்.
கீழே சாளை லாரிக்கு
ஐஸ் உடைக்கிறார்கள்.