நின்ற இடத்தில் எழுபது

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
பல் மருத்துவரான நான்
வேறு எதைப் பார்ப்பது?

செம்மறிப் பண்ணைக்காரர் ஒருவர்
இருபத்தாறு வருடம் கம்பளி மூட்டை அடுக்கிவிட்டு
அந்த டிசி-4 விமானத்தை
எங்கள் அருங்காட்சியகத்துக்கு எழுதிக்கொடுத்தார்.
இன்ஜின்கள் நான்கையும் அதற்கு முன்பே யாரோ விற்றிருந்தார்கள்.
இறக்கை தனி, உடல் தனியாக
படகோனியாவின் சரளைச் சாலையில்
மூன்று லாரிகளில் வந்து சேர்ந்தது.
உள்ளே ஆட்டு வாடை.
மழை பெய்தால் இப்போதும் அதே வாடை.

அலுமினியம் துருப்பிடிப்பதில்லை, மாவாகிறது.
கிளினிக்கிலிருந்து சிறு கண்ணாடியைக் கொண்டுபோய்
விலா எலும்புகளுக்குப் பின்னால் நீட்டிப் பார்த்தேன்.
வெள்ளை வெள்ளையாய்ச் சொத்தை.
"எத்தனை?" என்றார் எல்வெட் கீழேயிருந்து.
எண்ணுவதை நிறுத்திவிட்டதை நான் சொல்லவில்லை.

பஸ் பாடி கட்டும் நெலிடா
ரிவெட்டுகளைப் பிடுங்கிப் புதிதாக அறைந்தாள்.
வால் பக்கம் ஆலங்கட்டி மழை போட்ட குழிகளை மட்டும்
தட்டி நேராக்க மறுத்துவிட்டாள்.
"இது பறக்கும்போது பட்டது.
பண்ணையில் பட்டதை எடுக்கிறேன்."
எது எங்கே பட்டதென்று எப்படித் தெரியும்?
விரலால் தடவிப் பார் என்றாள்.
தடவினேன். எனக்குத் தெரியவில்லை.

நீலப் பட்டையா, அதைச் சுரண்டினால் வரும் சிவப்பா என்று
ஜூன் முழுக்கச் சண்டை.
சிவப்பு பெயிண்டின் விலை கேட்டபின்
நீலம் ஜெயித்தது.

இன்ஜின் இல்லாத விமானம்
மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும்.
ஆகவே வெற்றுக் கூடுகளில் கான்கிரீட்.
சக்கரங்களுக்குச் சங்கிலி.
பறக்காமல் இருக்க
ஒரு விமானத்துக்கு இவ்வளவு செலவு.

ஆகஸ்டில் வந்தது அந்தக் காற்று.
மேற்கேயிருந்து,
ஊரின் தகரங்களைப் பெயர்த்துக்கொண்டு.
சங்கிலியைப் பார்க்கப் போன மூவரும்
வெளியே நிற்க முடியாமல் உள்ளே ஏறினோம்.
விமானி இருக்கையில் எல்வெட் டார்ச் அடித்தார்.

எல்வெட்டுக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர்தான் தொழில். குழாய் என்றால் விடமாட்டார்.
கடிகாரங்களுக்குப் பின்னால் ஓடும் ஒவ்வொன்றையும்
வாயால் ஊதிச் சுத்தம் செய்து
மூக்கின் வெளியே நீட்டியிருக்கும் குழலோடு
போன மாதம்தான் மாட்டியிருந்தார்.
"பார்க்க வருகிறவர்களுக்கா தெரியப்போகிறது"
என்று சிரித்தவன் நான்.

வேகமானியின் முள்
பூஜ்யத்தை விட்டு விலகியது.
ஐம்பது.
அறுபது.
கொஞ்சம் நடுங்கி, எழுபது.

யாரும் எதுவும் பேசவில்லை.
நடுவிலிருந்த மடக்கு இருக்கையை
நெலிடா இறக்கி உட்கார்ந்தாள்.
பெல்ட் மாட்டிக்கொண்டோம்.
என்னுடைய கொக்கி பூட்டவில்லை,
இரண்டு முனைகளையும் கையால் பிடித்துக்கொண்டேன்
விடியும்வரை.

காலையில் இறங்கி
இன்னும் ஆறு மூட்டை சிமெண்ட் வாங்கினோம்.
பில்லை எல்வெட் கட்டினார்.