திராட்சைக் கணக்கு

குவோப்பியோவில் இன்று மைனஸ் இருபத்திரண்டு.
ஈரலை அரைத்து, சோறு பிசைந்து, பாகு விட்டு
அடுப்பில் சுட்டெடுத்தேன்.
ஹில்லா முகர்ந்து பார்த்தாள்:
"இது நமக்கா, நாய்க்கா?"
நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போனது.

ஆமோஸுக்கு ஈரலோடு பகையில்லை,
அதிலுள்ள உலர்திராட்சையோடுதான்.
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தட்டோரம் குவித்தான்.
திரும்பிப் பார்த்தால் ஓரம் காலி.
"சமர்த்து!" என்று தலையைத் தடவினேன்.

இன்று செவ்வாய்.
இந்த வீட்டில் சனிக்கிழமை மட்டும்தான் மிட்டாய்,
சட்டம் போட்டவன் நான்.
அதனால் எல்லோரும் தூங்கியபின்
சவுனாவில் துண்டுகளுக்கு அடியில் துழாவுகிறேன்,
எனக்கென ஒளித்த உப்பு மிட்டாய்ப் பொட்டலத்தை.

கிடைத்துவிட்டது. கொஞ்சம் பிசுபிசுக்கிறது.
உள்ளே
பதினான்கு திராட்சை.
ஒன்றில் இன்னும் ஈரல்.