ஏழு பாகை

ஐந்தோவனில் நவம்பர்.
சைக்கிள் இருக்கைகளில் மழை தேங்கிக் கிடக்கிறது.
உள்ளே, தூய அறையில்,
வீட்ஸ்கே இண்டியம் பாஸ்பைடை உடைக்கிறாள்.

வைர முனையால் ஓரத்தில் ஒரு கீறல்,
அரை மூச்சளவு அழுத்தம்.
படிகம் தனக்குத் தெரிந்த வழியில் பிளக்கும்.
பிளந்த இடமே கண்ணாடி,
மெருகு வேண்டாம்.

சில்லின் நடுவே லேசர், எள்ளில் பாதி.
இருபத்திரண்டு மில்லியாம்பியர் வரை ஊமை.
அடுத்த எண்ணில் திரைக்கோடு
சட்டென்று எழுந்து நின்றது.
கண்ணுக்கு எட்டாத ஒளி,
கோட்டைத்தான் நம்ப வேண்டும்.

நம்ப முடியவில்லை.
நிறம் நடுங்கியது, தாவியது.
மூன்று வாரம்
வெப்பத்தைச் சந்தேகித்தார்கள்,
கீழ்த்தளத்தில் உறுமும் பம்பை,
மின்கம்பிகளை.
ரூலோஃப் அவள் கைகளைச் சந்தேகித்தான்,
வாய் திறக்கவில்லை.

கைகள்தாம்.
பிழையால் அல்ல.
அவ்வளவு சுத்தமாக உடைத்த விளிம்பு
பூச்சு பூசிய பிறகும்
வெளியேறும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்
திருப்பி அனுப்பியது.
போன சொல் வீடு திரும்பி
சொன்னவனையே குழப்புவதுபோல.

வரைபடத்தில்
வாசலுக்குச் சற்று முன்
ஒளியின் பாதையை ஏழு பாகை வளைத்தாள்.
திரும்புவது வழி தவறித் தொலையட்டும்.
புதுச் சில்லு வர நான்கு மாதம்.

அதுவரை உணவகத்தில்
ரூலோஃபுக்கு நேரெதிரே அமர்வதை விட்டாள்.
மேசை மூலையில், கொஞ்சம் சாய்ந்து.
பட்டாணி சூப் ஆறுவதற்குள்
அவன் மகளின் பல்வலி பற்றி
முழுதாகக் கேட்டிருந்தாள்.

மார்ச்சில் சில்லு வந்தது.
நிறம் அசையவில்லை.
ஏழு போதுமா, எட்டு வேண்டுமா என்று
இன்னும் சண்டை,
மூலையில் அமர்ந்தபடியே.